உறுமுவது பெல்ட்டா, பேரிங்கா?

வண்டி பேசும் பாஷை – 17

செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்த ஹார்லிக்காரர்கள் ‘எங்கள் வண்டியில் செயினே கிடையாதே’ என்று நினைத்திருக்கலாம். இந்த வாரம் அவர்களுக்காக. பெல்ட்டில் ஓடும் வண்டியின் பின்சக்கர பேரிங் போய்விட்டதா, இல்லையா என்பதை உறுதியாகச் சொல்வது எப்படி?

பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது. குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பெல்ட். அதன் ஓரம் லேசாகப் பிசிறியிருக்கிறது. ‘பெல்ட் போச்சு’ என்று முடிவுகட்டி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பெல்ட் போடுகிறோம். சத்தம் அப்படியே இருக்கிறது. காரணம், பெல்ட்டின் ஓரத்தைப் பிசிற வைத்ததே தேய்ந்த பேரிங்தான். குற்றவாளியை விட்டுவிட்டு, அடிபட்டவனைத் தண்டிக்கும் இந்த வேலை பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

பெல்ட் வந்த வழி

மோட்டார் சைக்கிளின் தொடக்க காலத்தில் தோல் பெல்ட்டுகளே சக்கரத்தைச் சுழற்றின. மழையில் அவை வழுக்கின. செயின் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1980இல் ஹார்லி டேவிட்சன் தன் ‘ஸ்டர்ஜிஸ்’ வண்டியில் பல் வைத்த பெல்ட்டைக் கொண்டுவந்தது. உள்ளே வலுவான செயற்கை இழைகள், வெளியே பற்கள். எண்ணெய் வேண்டாம், செயின் போலச் சலசலப்பும் இல்லை. 2006இல் பிஎம்டபிள்யூவின் எஃப் 800 எஸ் பெல்ட்டுடன் வந்தது. இந்தியாவில் 2014இல் விற்பனைக்கு வந்த ஹார்லி ஸ்ட்ரீட் 750 பலருக்கு முதல் பெல்ட் வண்டியாக அமைந்தது. ஹரியானாவின் பாவல் ஆலையில் உருவான அந்த வண்டி, இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வருகிறது. ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின் ஸ்கூட்டரிலும் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் பெல்ட்தான் போகிறது.

காதால் பிரிப்பது

‘அண்ணே, அறுபதுல போனா பின்னாடி உய்ங்குன்னு ஒரு சத்தம்’ என்று வண்டிக்காரர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது அந்தச் சத்தம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதைத்தான். இதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும்.

ஸ்ட்ரீட் 750இன் பின் டயர் 140/75 – 15. ஒரு சுற்றுக்கு அது ஏறக்குறைய 1.85 மீட்டர் உருளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 9 முறை சுழலும். இந்த அளவு பேரிங்கில் பொதுவாக எட்டு, ஒன்பது குண்டுகள் இருக்கும். உள் வளையத்திலோ வெளி வளையத்திலோ ஒரு பள்ளம் விழுந்தால், குண்டுகள் அதைத் தாண்டும்போது நொடிக்கு 30 முதல் 50 வரை தட்டுகள் விழும். அது அடித்தொண்டை உறுமல். காதுக்குக் கேட்பதைவிட ஃபுட்ரெஸ்ட்டிலும் சீட்டிலும் முதலில் தெரியும். பெல்ட்டின் கதை வேறு. ஹார்லிகளின் பின் புல்லியில் பொதுவாக 60, 70 பற்கள் இருக்கும். அதே 9 சுற்றுக்கு நொடிக்கு 600 பற்கள் போல வந்து பொருந்தும். அது மெல்லிய ஊளை. புல்லியின் விளிம்பில் பெல்ட் உரசினால் கீச்சுக் குரல்.

ஆக, உறுமினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். கீச்சிட்டால் பெல்ட்டின் இறுக்கத்தையும் நேரையும் பாருங்கள். கீச்சொலி வரும் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் சட்டென்று மாறும் அல்லது அடங்கும். பேரிங்கின் உறுமல் தண்ணீருக்கு மசியாது.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் வேகத்தை எட்டிவிட்டுக் கிளட்ச்சைப் பிடியுங்கள். இன்ஜின் அடங்கியும் உறுமல் அதே அளவில் தொடர்ந்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். பின் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால் பேடையும் டிஸ்க்கையும் கவனியுங்கள். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியதும் மாறினால் அது டயரின் சத்தம்.

கார் மெக்கானிக்குகள் வண்டியை இடமும் வலமும் வளைத்து, எந்தப் பக்க பேரிங் அலறுகிறது என்று பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளில் அந்த வித்தை எடுபடாது. வளைவில் வண்டியே சாய்ந்துவிடுவதால் பாரம் பெரும்பாலும் சக்கரத்தின் தளத்திலேயே இறங்கும். இங்கே கைதான் பேச வேண்டும்.

கையால் பார்ப்பது

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து, ஒரு கை தள்ள மறு கை இழுக்கும்படி ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஆட்டம் தெரிகிறதா? உடனே பேரிங் என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொருவரை ஸ்விங் ஆர்மின் மேல் விரல் வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் கோளாறு முன்னால், ஸ்விங் ஆர்ம் மாட்டியிருக்கும் பிவட்டில். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். பிறகு முன்னும் பின்னுமாகப் பிடித்து அதே சோதனை.

பெல்ட் வண்டியில் ஏமாறும் இடம் இதுதான். இறுக்கமான பெல்ட் சக்கரத்தை எப்போதும் முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். பேரிங்குக்குள் இருக்கும் ஆட்டத்தை அந்த இழுப்பு விழுங்கிவிடும். சக்கரத்தைச் சுழற்றினால் பெல்ட்டோடு கியர்பாக்ஸின் தண்டும் சேர்ந்து சுற்றும். அதன் உராய்வும் சத்தமும் பேரிங்கின் கரகரப்பை மறைக்கும். பெல்ட் மாட்டியிருக்கும்போது சக்கரம் நன்றாக இருப்பதாகத் தோன்றினால் அதை நம்பாதீர்கள்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகி, எத்தனை திருகு என்று எழுதிவையுங்கள். சக்கரத்தை முன்னே தள்ளிப் புல்லியிலிருந்து பெல்ட்டை இறக்குங்கள். இழைகள் உடைந்துபோகும் என்பதால் பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ கூடாது. ஆக்ஸிலை மறுபடி இறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மறு கையை ஸ்விங் ஆர்மில் ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். இப்போது உண்மை வெளியே வரும். நல்ல பேரிங் வழவழவென்று சுற்றி மெல்ல நிற்கும். தேய்ந்தது உள்ளங்கையில் அதிரும்.

இதை ஒருபோதும் இன்ஜினை ஓடவிட்டுச் செய்யாதீர்கள். சுழலும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போன விரல் திரும்பாது.

கடைசிச் சாட்சி சக்கரத்தைக் கழற்றிய பிறகு கிடைக்கும். பேரிங்கின் உள் வளையத்தில் விரலை நுழைத்துத் திருப்புங்கள். கிரீஸின் மெல்லிய இழுவையோடு சீராகத் திரும்பினால் நல்லது. மணல் அரைவது போலக் கரகரத்தாலோ, இடையிடையே படியில் விழுந்து எழுந்தாலோ, விரலில் ஆட்டம் தெரிந்தாலோ அதன் காலம் முடிந்தது. சீலைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சில வண்டிகளில் ஹப்புக்குள் இருக்கும் இரண்டு பேரிங்குகள் தவிர, புல்லியைத் தாங்கும் பகுதிக்குத் தனியாக ஒரு பேரிங் உண்டு. அதைப் பார்க்காமல் விட்டால் வேலை முடிந்தும் சத்தம் மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்களும் இருக்கின்றன. பெல்ட் திடீரென்று புல்லியின் ஒரு ஓரமாகவே ஓடத் தொடங்குவது ஒன்று. பின் பிரேக்கை முதல் முறை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியாவது இன்னொன்று. ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் அப்படி நேர்கிறது.

ஏன் போனது?

பேரிங் ஆயுளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் விதி கடுமையானது: குண்டு பேரிங்கின் மேல் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். பாரம் 20 சதவீதம் கூடினாலே ஆயுள் 58 சதவீதத்துக்கு இறங்கும். ‘தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் டைட் வையுங்க’ என்று பெல்ட்டை இறுக்கச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். அந்த இறுக்கம் முழுவதும் புல்லிப் பக்க பேரிங்கின் தலையில்தான் விடியும். ஹார்லிகளில் பெல்ட்டின் கீழ்ப்பகுதியை நடுவில் 10 பவுண்டு விசையில், அதாவது சுமார் 4.5 கிலோ, அழுத்தி எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது வழக்கம். எவ்வளவு நகரலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளதே சரி. வண்டி நன்றாக ஆறியபின், சக்கரத்தைச் சுற்றிப் பெல்ட் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

இரண்டாவது எதிரி வாட்டர் சர்வீஸ். அழுத்தத்தில் பீய்ச்சும் நீரை ஹப்பின் சீலுக்கு நேராக அடித்தால் அது உள்ளே நுழைந்து கிரீஸைக் கெடுக்கும். கழுவுபவரிடம் ‘தம்பி, ஆக்ஸில் பக்கம் கிட்ட வச்சு அடிக்காதே’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, தவறாக மாட்டுவது. புது பேரிங்கின் உள் வளையத்தில் சுத்தியால் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் குழி போடும். ஓடும் முன்பே அது பழுதாகிவிடும். அழுத்த வேண்டியது வெளி வளையத்தை, சுற்றிலும் சமமாக. ஒரு பக்க பேரிங் ஹப்பின் அடிவரை உட்கார வேண்டும். பிறகு நடுவே ஸ்பேசர் குழாயை வைத்து, மறுபக்க பேரிங்கின் உள் வளையம் அந்தக் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். குழாயை மறந்தாலோ குறையாக உட்கார்ந்தாலோ, ஆக்ஸில் நட்டை இறுக்கியதும் பாரம் குண்டுகளின் மேல் பக்கவாட்டில் ஏறும். கழற்றிய பழையதைத் திரும்பப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடையில் வாங்கும்போது பழையதன் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 6205 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 25. அதுதான் மில்லிமீட்டரில் அதன் துளை. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். ‘சி3’ என்றால் உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி உள்ளது என்று பொருள். எண் பொருந்தினால் போதும் என்று எழுத்தை விட்டுவிட வேண்டாம்.

தேய்ந்த பேரிங்கோடு ஓடும் வண்டி வேகத்தில் நிலைதடுமாறும். முற்றிலும் உடைந்தால் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். பின்சீட்டில் மனைவியோ பிள்ளையோ உட்காரும் வண்டி இது. பெல்ட்டை இறக்கிச் சக்கரத்தைத் தனியே சுழற்றிப் பார்க்க ஒரு மணி நேரம் கேட்கும் மெக்கானிக்கிடம் ‘அதெல்லாம் வேண்டாம், சீக்கிரம் மாத்திக் குடுங்க’ என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், மனமுவந்து கொடுங்கள்.

*அடுத்த வாரம்: சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் ஆடினால் என்ன செய்வது? பிவட் பேரிங்கின் கதை.*