'பை' கிடைத்தவருக்கும் பலகை பழக வேண்டும்

ஜோகுபாளையம், அல்சூர் பக்கம் வாழும் நம்மவர்களுக்குக் கேரம் ஆட்டத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்டி என்று வைத்தால், சச்சரவு பெரும்பாலும் ஆட்டத்தில் அல்ல, அட்டவணையில்தான் கிளம்புகிறது.

நாக்-அவுட் போட்டிக்கு 11 பேர் பெயர் கொடுத்தால் 16 இடமுள்ள அட்டவணை போட வேண்டும். குறையும் 5 இடத்துக்காக ஐந்து பேருக்கு முதல் சுற்றில் 'பை'. மற்ற 6 பேர் மூன்று ஆட்டம் ஆடுவர். வென்ற மூவரும் இந்த ஐவரும் காலிறுதிக்கு வருவர். முதல் சுற்றோடு பை முடிந்துவிட வேண்டும். பிறகும் கொடுத்தால் ஒருவர் காய் தொடாமலே அரையிறுதி சேர்ந்துவிடுவார். பை யாருக்கு என்பதை எல்லார் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது நல்லது.

பை முழு லாபம் என்றும் எண்ணக்கூடாது. ஒரு சுற்று ஆடியவருக்குப் பவுடரின் வழுக்கலும் சட்டத்தின் எதிரடியும் பழகியிருக்கும். ஷிப்டு முடிந்து நேரே வந்து உட்காருபவருக்கு அது தெரியாது. ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டுதான். முதல் இரண்டு போர்டில் தடுமாறினால் மீள்வது கடினம்.

இதற்கு வழி உண்டு. 1988-ல் தொடங்கிய சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிகளிலேயே ஆட்டத்துக்கு முன் 'ட்ரையல் போர்டு' இருக்கிறது. ஆடப்போகும் அதே பலகையில், இருவருக்கும் ஒரே அளவு கொடுக்க வேண்டும். அந்த அளவை முதல் நாளே எழுதி ஒட்டிவிட வேண்டும். அரைநாள் சம்பளத்தை விட்டு ஆட வருபவர் தோற்றுப் போகலாம், ஏமாந்து போகக்கூடாது.