மூணு நாள்ல பதில் வரலைன்னா, துப்பாக்கி கைக்கு வந்துடும்

அமெரிக்காவுல துப்பாக்கிச் சூடுன்னு செய்தி வரும்போதெல்லாம் நேயர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "கடைக்குப் போய் காசு குடுத்தா துப்பாக்கியை எடுத்துக் குடுத்துடுவாங்களா? யாருமே செக் பண்ண மாட்டாங்களா?"

பண்றாங்க. உரிமம் வாங்கின டீலர்கிட்ட வாங்கினா, பின்னணிச் சோதனை சட்டப்படி கட்டாயம். அது உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது, எங்க ஓட்டை இருக்குன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

கடையில முதல்ல 4473-ன்னு ஒரு படிவம் குடுப்பாங்க. பெயர், பிறந்த தேதி, முகவரி, அதுக்கப்புறம் வரிசையா கேள்விகள். பெரிய குற்றத்துல தண்டனை வாங்கியிருக்கீங்களா, குடும்ப வன்முறை வழக்குல தண்டனை உண்டா, சட்டவிரோதமா போதைப் பொருள் பயன்படுத்துறீங்களா, இப்படி. டீலர் அடையாள அட்டையைப் பார்த்துட்டு, அந்த விவரங்களை போன்லயோ இணையத்துலயோ எஃப்.பி.ஐ நடத்துற 'நிக்ஸ்' என்ற சிஸ்டத்துக்கு அனுப்புவார். சில மாநிலங்கள்ல அந்த வேலையை மாநில அரசே செய்யுது.

நிக்ஸ் 1998 நவம்பர் 30 அன்று ஓட ஆரம்பிச்சது. அதுக்கு அடிப்படை 1993-ல் வந்த பிராடி சட்டம். 1981-ல் அதிபர் ரீகனைச் சுட்டப்போ, அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி தலையில குண்டு பட்டு வாழ்நாள் முழுக்க முடங்கிப் போனார். அவர் பெயர்தான் சட்டத்துக்கு.

நிக்ஸ் மூணு டேட்டாபேஸ்ல தேடும். ஒண்ணுல தேடப்படுறவங்க, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவுகள். இன்னொண்ணுல மாநிலங்கள் அனுப்பின குற்றப் பதிவுகள். மூணாவது, துப்பாக்கி வாங்கக் கூடாதவங்களுக்குன்னே வெச்சிருக்கிற பட்டியல். கைரேகை கிடையாது, பெயரையும் பிறந்த தேதியையும் வெச்சுத்தான் தேடல். பதிலும் மூணு வகை: தொடரலாம், தாமதம், மறுப்பு. பத்துல ஒன்பது பேருக்கு உடனே முடிவு வந்துடும்.

சிக்கல் அந்த 'தாமதம்'லதான். பெயர் ஏதோ ஒரு பதிவோட பொருந்துது, ஆனா அந்த வழக்கு எப்படி முடிஞ்சதுன்னு தகவல் இல்லை. அப்போ எஃப்.பி.ஐ-ல ஒரு பரிசோதகர் உட்கார்ந்து, அந்த ஊர் போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் கேட்டு எழுதணும். அதுக்குக் கிடைக்கிறது 3 வேலை நாள். அதுக்குள்ள பதில் வரலைன்னா, டீலர் விருப்பப்பட்டா துப்பாக்கியைக் குடுத்துடலாம். சட்டமே அனுமதிக்குது.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு சர்வர் பதில் சொல்லலைன்னா என்ன செய்யணும்னு முன்னாடியே முடிவு பண்ணணும். ஏடிஎம்முக்கு வங்கியோட தொடர்பு அறுந்தா பணம் வராது. கார்டு தேய்ச்சுத் திறக்கிற ஆபீஸ் கதவுக்குக் கரண்ட் போனா பூட்டு தானா விடுபடணும், இல்லைன்னா தீ விபத்துல ஆள் உள்ள மாட்டிக்குவாங்க. முதல்ல சொன்னது 'ஃபெயில் க்ளோஸ்டு', ரெண்டாவது 'ஃபெயில் ஓப்பன்'. துப்பாக்கி விற்பனையை அமெரிக்கா ரெண்டாவது வகையில வெச்சிருக்கு.

இதனால என்ன ஆச்சுன்னு சார்ல்ஸ்டன் காட்டிச்சு. 2015 ஏப்ரல் 11 அன்று தென் கரோலினாவுல ஒரு இளைஞன் கைத்துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போறான். (பெயரைச் சொல்லப் போறதில்லை.) சில வாரம் முன்னாடிதான் போதைப் பொருள் வெச்சிருந்ததா கைதானவன். நிக்ஸ் 'தாமதம்'னு சொல்லிச்சு, அதாவது சிஸ்டம் சரியாத்தான் சந்தேகப்பட்டது. போதைப் பொருள் வெச்சிருந்ததை அவன் ஒத்துக்கிட்டது போலீஸ் அறிக்கையில இருந்தது. அதைப் பார்த்திருந்தா மறுத்திருக்கலாம்.

ஆனா பதிவுல, கைது செய்தது லெக்சிங்டன் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம்னு தப்பா இருந்தது. உண்மையில கொலம்பியா நகரப் போலீஸ். பரிசோதகர் ஷெரிஃப் அலுவலகத்தைக் கேட்டார். "எங்க வழக்கு இல்லை, கொலம்பியாவைக் கேளுங்க"ன்னு பதில். அவர்கிட்ட இருந்த தொடர்புப் பட்டியல்ல அந்தக் கவுன்ட்டிக்குக் கீழே கொலம்பியா இல்லை, வெஸ்ட் கொலம்பியாதான் இருந்தது. அவங்களைக் கேட்டார். "அப்படி ஒரு வழக்கே இல்லை." அதுக்குள்ள 3 நாள் முடிஞ்சது. ஏப்ரல் 16 அன்று துப்பாக்கி அவன் கைக்குப் போயிடுச்சு. ஜூன் 17 ராத்திரி, இமானுவேல் தேவாலயத்துல பைபிள் வகுப்புல இருந்த 9 பேரைச் சுட்டுக் கொன்னான்.

இன்னொரு கொடுமை, அந்தப் போலீஸ் அறிக்கை எஃப்.பி.ஐ-யோட வேறொரு டேட்டாபேஸ்லயே இருந்தது. நிக்ஸ் பரிசோதகர்களுக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குப் போட்டு, 2021-ல் அரசு 8.8 கோடி டாலர் குடுக்க ஒத்துக்கிச்சு.

இதுல எனக்கு ரொம்ப உறுத்துறது வேற ஒண்ணு. முடிவு தெரியாத விண்ணப்பத்தை நிக்ஸ் காலவரையில்லாம தேடிக்கிட்டு இருக்காது. 88 நாள்ல அழிச்சிடும். துப்பாக்கி ஒரு வீட்டுல இருக்கும், வாங்கினவர் தகுதியானவரா இல்லையான்னு தேடுற வேலை மூடப்பட்டிருக்கும்.

சரி, 3 நாளை 10 நாளாக்கினா போதுமா? பிரதிநிதிகள் சபை 2019-லயும் 2021-லயும் அப்படி மசோதா நிறைவேத்திச்சு. செனட்ல நகரலை. எதிர்க்கிறவங்க வாதத்தையும் ஒதுக்கிட முடியாது. ஆயுதம் வெச்சிருக்கிறது அங்க அரசியலமைப்பு உரிமை. அரசு அலுவலகம் மெதுவா வேலை செஞ்சா, அதுக்குக் குடிமகன் ஏன் காத்திருக்கணும்? குற்றவாளி ஒருத்தரோட பெயர் தனக்கும் இருக்கிற ஒரே காரணத்தால ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்குத் தனி அடையாள எண் வாங்குற வழி இருந்தாலும், அதுக்கு விண்ணப்பிச்சு அலையணும். ஆனாலும் என் கணக்கு இதுதான்: காத்திருந்தவர் அடுத்த வாரம் வாங்கிக்கலாம். தப்பான ஆள் கைக்குப் போனதைத் திரும்ப வாங்குறது அப்படி இல்லை, அதுக்கு ஏஜென்ட் அவர் வீட்டுக்கே போகணும்.

நாளைக் கூட்டுறது பாதிதான். டேட்டாவே வரலைன்னா எத்தனை நாள் குடுத்தும் பிரயோஜனம் இல்லை. டெக்சாஸ் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்துல 2017-ல் சுட்டவன் முன்னாள் விமானப்படைக்காரன். 2012-லயே குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றத்துல தண்டனை வாங்கினவன். விமானப்படை அந்தப் பதிவை எஃப்.பி.ஐ-க்கு அனுப்பவே இல்லை. அவன் டீலர் கடைக்குப் போய், சோதனையில பாஸாகித்தான் வாங்கினான். தாமதம்கூட வரலை.

மாநிலங்களை மத்திய அரசு கட்டாயப்படுத்தவும் முடியாது. மாநில அதிகாரிகளை மத்திய சோதனை வேலைக்கு இழுக்கக் கூடாதுன்னு 1997-ல் உச்ச நீதிமன்றம் பிரின்ட்ஸ் வழக்குல சொல்லிடுச்சு. அதனால நிதி குடுத்துத்தான் பதிவுகளை வாங்கணும். மத்திய அரசோட சொந்தத் துறைகளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. 2018-ல் வந்த சட்டம், பதிவுகளை ஒழுங்கா அனுப்பாத துறைகள்ல அரசியல் நியமனத்துல வந்த தலைமைக்கு 2022 நிதியாண்டு வரைக்கும் போனஸ் கிடையாதுன்னு வெச்சிருந்தது. இந்த ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது.

2022 ஜூனில் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போச்சு. வாங்குறவர் வயசு 21-க்குக் கீழேன்னா, சிறார் நீதிப் பதிவு, மனநலப் பதிவு, உள்ளூர் போலீஸ் மூணையும் கேட்கணும். சந்தேகம் இருந்தா 10 வேலை நாள் வரை நிறுத்தி வைக்கலாம். 21 வயசு முடிஞ்சவங்களுக்கு அந்தச் சட்டத்துல இன்னும் அதே 3 நாள்தான்.

இதெல்லாம் உரிமம் வெச்சிருக்கிற டீலர் கதை. டீலர் இல்லாத ஒருத்தர் தன்னோட துப்பாக்கியை இன்னொருத்தருக்கு வித்தா, மத்திய சட்டப்படி எந்தச் சோதனையும் தேவையில்லை. அதை அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம்.