வில்லில் வில்லங்கம் வேண்டாமே!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. தேனிக்கோ, கம்பத்துக்கோ பஸ் ஏறியாச்சு. கூடவே உங்க பிராக்டீஸ் வில்லும் வீட்டுக்கு வருதா? அப்ப ஒரு நிமிஷம் பாஸ்! இனி அதை ரெண்டு மாசம் தொடப் போறதில்லை. எங்கே வைப்பீங்க?

'பரண் மேல போட்டா போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் வில்லங்கமே ஆரம்பம்!

வளைந்த வில்லுக்குள் இருப்பது சேமிச்சு வச்ச சக்தி. பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல படிச்சதுதான். ரிகர்வ் வில் என்றால், ஸ்டிரிங்கர் கயிறு போட்டு நாணைக் கழற்றிடுங்க. முழங்காலில் முட்டுக் கொடுத்து வளைத்தால் வில்லின் கை முறுக்கிக்கும். காம்பவுண்ட் வில் நேர் எதிர். நாணைக் கழற்ற அதுக்குன்னு தனி பிரெஸ் வேணும். அதனால நாணோடவே இருக்கட்டும்.

கிராஸ்போ, அதாங்க குறுக்குவில் வச்சிருக்கீங்களா? நாணை இழுத்து மாட்டிய நிலையில் ஒருநாளும் வைக்காதீங்க. குட்டித் தம்பி விளையாட்டாக விசையைத் தட்டினாலே போதும்... சரி, அம்பு இல்லாமல் சும்மா விட்டு நாணை இறக்கிடலாமா? மூச்! அம்போடு போக வேண்டிய சக்தி மொத்தமும் வில்லிலேயே இறங்கி, அது உடைஞ்சு சிதறலாம். அம்பு போட்டு, கிரவுண்டில் டார்கெட்டைப் பார்த்து எய்து காலி பண்ணிட்டே வீட்டுக்குக் கொண்டு வாங்க.

அடுத்த வில்லன், நம்ம ஊர் வெயில். ஏப்ரல், மே மாசத்துல தகர ஷெட்டும், பூட்டின காரும் அடுப்பு மாதிரி. வில்லின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை இளகிடும். ஜூனில் கூடலூர் பக்கம் சாரல் ஆரம்பிச்சா ஸ்க்ரூவெல்லாம் துருதான். உலர்ந்த துணியால் துடைச்சு, நாணுக்கு மெழுகு தடவி, ஷூ டப்பாவில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம்... அதையும் போட்டுப் பெட்டியைப் பூட்டுங்க. அம்பு வேற இடத்தில். சாவி உங்க பாக்கெட்டில்!

'மேகமலைக்கு ஒரு டிரிப் அடிப்போம், வில்லையும் எடுத்துக்கடா மாப்ளே'ன்னு யாராவது கிளப்பினால், உஷார்! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி வில்லும் அம்பும் ஆயுதம்தான். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அந்த மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். நீங்க டார்கெட்டுக்குத்தான் வாங்கினீங்கன்னு புலிக்கும் தெரியாது, ரேஞ்சருக்கும் தெரியாது!

காலேஜ் திறந்ததும் உடனே நாணை இழுத்துடாதீங்க. ஒரு பஞ்சை வில்லின் கை மேல் மெதுவா ஓட்டுங்க. எங்கேயாவது இழை மாட்டினால், அங்கே கீறல் இருக்குன்னு அர்த்தம். நேரா கோச்சிடம் காட்டுங்க.

லீவு உங்களுக்கு மட்டுமில்லை ஃப்ரெண்ட்ஸ்... வில்லுக்கும்தான்!