தோண்டுவது சில வாரம், எண்ணுவது பல ஆண்டு

1849 ஏப்ரல் 25 அன்று இரவு, மொன்றியல் துறைமுகத்தை ஒட்டியிருந்த கனடா மாகாண நாடாளுமன்றத்துக்குக் கலவரக் கூட்டம் ஒன்று தீ வைத்தது. உள்ளே இருந்த நூலகத்தில் சுமார் 23,000 நூல்கள். மீட்க முடிந்தவை சுமார் 200. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

பழங்கால வரலாற்றை ஆராய்கிறவருக்கு இந்த விகிதம் புதிதல்ல. அவர் கையில் எப்போதும் இருப்பது மிச்சம்தான். அந்த மிச்சத்தை வைத்து முழுமையைப் பற்றிப் பேச வேண்டுமானால், ஒன்றையும் விடாமல் எண்ண வேண்டும். அதனால் அவருடைய வேலைநாள்களில் மண்வெட்டிக்குப் போவது சிறுபகுதி. கழுவி, எடை பார்த்து, எண் எழுதி, பெட்டியில் அடுக்கி, அறிக்கை எழுதுவதற்குப் போவது பெரும்பகுதி. நம் கைதட்டலும் செய்தித்தாள் தலைப்பும் முதல் பகுதிக்குக் கிடைக்கின்றன. அறிவு பிறப்பது இரண்டாம் பகுதியில். அந்த இரண்டாம் பகுதியின் வரவு செலவை மொன்றியல் துறைமுகத்திலிருந்து பார்ப்போம்.

இடக் கணக்கு

பழைய துறைமுகத்தில் புவாந்த்-ஆ-கல்லியேர் என்ற தொல்லியல், வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அகழ்ந்த இடத்தின் மேலேயே எழுப்பிய கட்டடம் அது. நடந்தே கடக்கக்கூடிய அந்தச் சிறு பரப்பின் கணக்கு இது:

1611: பிரெஞ்சு நாடாய்வாளர் சாம்ப்ளேன் இங்கே நிலம் திருத்தி, மண் எப்படிப்பட்டது என்று பார்க்கச் சிறு சுவர் ஒன்றைக் கட்டுகிறார்.
1642 மே 17: மேசோன்நேவும் ழான் மான்ஸும் ஒரு சிறு கூட்டத்தோடு வந்து, பின்னாளில் மொன்றியலான வில்-மரி குடியேற்றத்தைத் தொடங்குகிறார்கள். கோட்டை எழுகிறது.
1688: மொன்றியல் ஆளுநர் கல்லியேர் இந்த முனையில் மாளிகை கட்டுகிறார்.
1701 ஆகஸ்ட் 4: பிரெஞ்சுக்காரருக்கும் சுமார் 40 பூர்வகுடி இனங்களுக்கும் இடையே பெரும் சமாதான ஒப்பந்தம். வந்திருந்த பூர்வகுடிப் பிரதிநிதிகள் சுமார் 1,300 பேர். ஊரில் வசித்தவர்களோ அதைவிடச் சற்றுக் குறைவு.
1832-1838: சிறு சேன்-பியேர் ஆற்றைக் கல்வளைவுக்குள் அடைத்துக் கழிவுநீர்க் கால்வாய் கட்டுகிறார்கள். இன்று அதில் 110 மீட்டர் தூரம் நடந்து பார்க்கலாம்.
1844-1849: அந்தக் கால்வாயின் மேல் நின்ற சேன்-தான் சந்தைக் கட்டடம் நாடாளுமன்றமாகிறது, பிறகு எரிகிறது.
1992: நகரின் 350ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் திறக்கிறது.
2017: 375ஆம் ஆண்டில், கோட்டையின் எச்சங்களுக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்ட தனிக் கூடம் திறக்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு பூச்சியமும் உண்டு. 1535 அக்டோபரில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே, மொன்றியல் இருக்கும் இதே தீவில் ஓஷலாகா என்ற பூர்வகுடி ஊரைக் கண்டார். சுமார் 50 நீள்வீடுகள் இருந்ததாக அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. 1860இல் இன்றைய மக்கில் பல்கலைக்கழகத்துக்கு அருகே பூர்வகுடி ஊர் ஒன்றின் தடயம் வெளிப்பட்டது. ஆனால் அதுதான் ஓஷலாகா என்று உறுதி செய்ய இன்றுவரை முடியவில்லை. 50 வீடுகள் ஏட்டில் இருக்கின்றன, நிலத்தில் உறுதியானது ஒன்றுமில்லை. அந்தப் பூச்சியத்தைப் பூச்சியமாகவே எழுதி வைப்பதும் ஆய்வாளரின் கடமை.

நாள் கணக்கு

மொன்றியலில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 10 பாகை கீழே. மண் பாறையாக இறுகிவிடும். ஆகவே அகழ்வு கோடையில்தான். கோட்டை இருந்த இடத்தில் 2002 முதல் மொன்றியல் பல்கலைக்கழக மாணவர்கள் களப்பள்ளியாக அகழ்ந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சில வாரங்கள் மட்டுமே. மொன்றியல் இருக்கும் குபெக் மாநிலத்தில் குழி திறக்க அரசின் ஆய்வு அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர் அறிக்கை தந்தே ஆக வேண்டும். குழியும் அறிக்கையும் ஒரே அனுமதிக்குள் கட்டுப்பட்டவை.

சில வாரம் தோண்டியதற்கு ஆய்வகத்தில் என்ன செலவாகும்? சட்டித் துண்டு, ஆணி, எலும்பு, கண்ணாடி, மணி என்று 10,000 துண்டுகள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கழுவ, உலர்த்த, வகை பிரிக்க, எண் எழுத, கணினியில் ஏற்ற ஒரு துண்டுக்கு 5 நிமிடம் என்று குறைத்தே மதிப்போம். 50,000 நிமிடம். அதாவது 833 மணி. நாளுக்கு 7 மணி வேலை என்றால் 119 நாள். ஒரே ஆள் செய்தால், வார விடுமுறை போக, ஐந்தரை மாதம். இதில் ஆராய்ச்சி இன்னும் தொடங்கவே இல்லை. மேசையைத் துடைத்து ஏட்டைத் திறந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

துண்டில் எழுதும் எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1952இல் தொல்லியலாளர் சார்ல்ஸ் போர்டன் வகுத்த முறைப்படி கனடா முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் தென்பகுதியில் ஒரு சிறு கட்டம் அட்சரேகையில் 10 கலை, தீர்க்கரேகையில் 10 கலை (பாகையின் 60இல் ஒரு பங்கு ஒரு கலை). மொன்றியல் இருக்கும் இடத்தில் அது தெற்கு வடக்காகச் சுமார் 18.5 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 13 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எழுத்து, அதற்குள் கண்டுபிடித்த வரிசையில் ஓர் எண். கோட்டை இருக்கும் இடம் பிஜேஎஃப்ஜே-101. இந்தக் குறியை நகக்கண் அளவு எழுத்தில் துண்டின் மேல் எழுத வேண்டும். அழிந்துவிட்டால், நேற்று வரை சான்றாக இருந்த ஓடு இன்று வெறும் ஓடு.

ஈரத்தில் கிடந்த மரமும் தோலும் இன்னும் பொறுமை கேட்கும். வெளியே எடுத்து அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடிக்கும். சுவீடனின் வாசா கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய் மூழ்கியது. 1961இல் தூக்கி எடுத்தார்கள். மரத்தில் தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள் ஏறுவதற்காக 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள். சிறிது தூரமே ஓடிய கப்பலைக் காக்க 17 ஆண்டு!

கண்காட்சிக்கும் இதே உழைப்புத்தான். 2014 டிசம்பரில் புவாந்த்-ஆ-கல்லியேரில் பண்டைக் கிரேக்கர் பற்றிய பெரும் கண்காட்சி தொடங்கியது. கிரேக்க நாட்டின் 21 அருங்காட்சியகங்களிலிருந்து 500க்கும் மேற்பட்ட பொருள்கள் வந்தன. பிறகு அது கத்தினோ, சிக்காகோ, வாசிங்டன் நகரங்களுக்குப் போனது. பொருளைப் பிரிக்கும்போது ஒரு முறை, திரும்பக் கட்டும்போது ஒரு முறை அதன் நிலையைப் பார்த்துப் பதிய வேண்டும். 4 நகரம், 2 முறை, 500 பொருள்: குறைந்தது 4,000 பரிசோதனை. பார்வையாளர் ஒரு மணி நேரத்தில் கடந்து போகும் கூடத்துக்குப் பின்னால் இத்தனை பக்கங்கள் இருக்கின்றன.

காலக் கணக்கு

மண்ணிலிருந்து வந்த பொருளுக்கு வயது சொல்ல வேண்டும். கரிமம்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகான பொருளுக்கு அது கைகொடுக்காது. ஒரே அளவீட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பொருந்திவிடும். வில்-மரி பிறந்ததே அந்தக் காலத்தில்.

அங்கே உதவுவது வெள்ளைக் களிமண் சுங்கான். புகைபிடித்தவர்கள் உடைத்து எறிந்த குழாய்த் துண்டுகள் அக்காலத்துக் குடியேற்றங்களில் ஏராளம். 1954இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காலம் தெரிந்த 330 குழாய்களை அளந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல நடுத்துளை சிறுத்துக்கொண்டே போவதைக் கண்டார். 1962இல் லூயிஸ் பின்ஃபோர்டு என்ற இன்னோர் ஆய்வாளர் அதை வாய்பாடாக்கினார்: துளையின் சராசரி விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக அளந்து, 38.26ஆல் பெருக்கி, 1931.85இலிருந்து கழிக்க வேண்டும்.

சராசரி 7 என்றால் 1664. 6 என்றால் 1702. 5 என்றால் 1741. முதல் எண் கோட்டைக் காலம், இரண்டாவது சமாதான ஒப்பந்தக் காலம். ஒரு துளையிடு ஊசியின் தடிமன் வேறுபாட்டில் இரண்டு தலைமுறை பிரிகிறது. ஆனால் இந்த வாய்பாடு ஆங்கிலேயர் செய்த குழாய்களுக்கே நன்றாகப் பொருந்தும், அதுவும் துண்டுகள் நிறைய இருந்தால்தான். ஆகவே ஆணியின் வடிவம், மணியின் வகை, மண்ணடுக்கின் வரிசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஆண்டு எழுதப்படும்.

நம் கீழடியில் நிலைமை வேறு. அங்கே காலம் ஆழம், கரிமம் நன்றாகப் பேசும். 2018இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்த 4ஆம் கட்டத்தில் கிடைத்த தொல்பொருள்கள் 5,820. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56. அமெரிக்காவுக்குக் காலக்கணிப்புக்குப் போன கரி மாதிரிகள் 6. அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்று கி.மு. 580 என்று விடை தந்தது. தமிழர் நெஞ்சை நிமிரவைத்த அந்த எண்ணைத் தாங்கி நிற்பது, எடுத்த ஆழத்தைச் சென்டிமீட்டர் பிசகாமல் குறித்து வைத்த ஒருவரின் குறிப்பேடு. அது தவறியிருந்தால் கரித்துண்டுக்கு வயது இருந்திருக்கும், கீழடிக்கு இருந்திருக்காது.

ஆள் கணக்கு

1650களின் தொடக்கத்தில் வில்-மரி அழியும் நிலைக்கு வந்தது. மருத்துவமனைக்காக மேடம் த புல்லியோன் என்ற கொடையாளர் கொடுத்திருந்த பணத்திலிருந்து 22,000 லிவ்ரை ஆள் திரட்ட எடுத்துக்கொள்ளும்படி ழான் மான்ஸ் சொன்னார். பிரான்சில் 150க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கப்பலேறியவர்கள் 100க்குச் சற்று மேல். கடலில் இறந்தவர்கள் 8. 1653 நவம்பரில் மொன்றியல் வந்தவர்கள் 95. கையெழுத்து வாங்கிய அலுவலர் ஏடுகளைக் காத்து வைத்ததால் பெயர், தொழில், கூலி எல்லாம் இன்று தெரிகிறது.

இந்தத் துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டரில் கொன்கோர்டியா பல்கலைக்கழகம். அங்கே சமயவியல் பேராசிரியராகப் பணியாற்றிய லெஸ்லி ஓர் நம் சோழர் காலக் கல்வெட்டுகளை இப்படித்தான் எண்ணினார். கோயிற் பெண்களைக் குறிக்கும் சுமார் 300 கல்வெட்டுகளைத் தொகுத்து, யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், பதிலுக்கு என்ன உரிமை பெற்றார் என்று வரி வரியாகப் பிரித்தார். 2000இல் வந்த அவர் நூல், அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஆடுநராக அல்ல, கொடையாளராகவே கல்வெட்டில் தோன்றுகிறார்கள் என்று காட்டியது. நெடுநாள் நிலவிய ஒரு கருத்தை எண்ணிக்கை அசைத்தது.

எண்ணிக்கைக்கு இராசராசனே ஒரு முன்னோடி. தஞ்சைப் பெரிய கோயில் சுற்றுச்சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் வெட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு ஆடவல்லான் மரக்காலால் அளந்த நெல் 100 கலம். 400 பங்கு, 40,000 கலம். 1014ஐ ஒட்டிய அந்தப் பட்டியலைக் கல்வெட்டாய்வாளர் ஹுல்ச் 1890களில் அச்சேற்றினார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி மைப்படி எடுத்தவர்கள் இல்லாவிட்டால் மொன்றியலில் உட்கார்ந்து அதைப் படிக்க வழியில்லை.

பணக் கணக்கு

2022-23இல் தமிழ்நாடு அரசு மாநில அகழாய்வுகளுக்கு ஒதுக்கியது 5 கோடி ரூபாய். 2025-26இல் அது 7 கோடியானது. 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குச் சுமார் 18.4 கோடி செலவானது. கண்டெடுத்ததில் ஓர் ஊரின் பொருளை மட்டும் முறையாகக் காத்துக் காட்ட, 2022-23இல் மாநிலம் முழுவதற்கும் ஒதுக்கிய அகழாய்வுத் தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல். அந்தச் செலவு வீணல்ல. உண்மையான செலவே அதுதான்.

அறிக்கையின் விலை ஆண்டுகளில் கட்டப்படுகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் இராமகிருஷ்ணா கீழடியில் 2014 முதல் 2016 வரை இரண்டு பருவம் அகழ்ந்தார். இடமாற்றம் எல்லாம் கடந்து அவர் 982 பக்க அறிக்கையைக் கொடுத்தது 2023 சனவரியில். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. மைப்படிகளின் கதையும் இப்படித்தான். மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்ல 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே ஆணையிட வேண்டியிருந்தது.

நிலுவை

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விடை தெளிவு. தோண்டுவதற்குத் தனியாகவும், எண்ணிக் காப்பதற்கு மிஞ்சினால் பார்க்கலாம் என்றும் நிதி ஒதுக்குவது தப்புக் கணக்கு. ஒவ்வொரு குழிக்கும் ஆய்வகச் சம்பளம், காலக்கணிப்பு, பெட்டி, அலமாரி, பதிப்பு ஐந்தும் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அறிக்கை வெளிவரும் தேதியும் அனுமதிக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். கல்வெட்டு படிக்கத் தெரிந்த இளைஞருக்கு நிரந்தர வேலை வேண்டும். ஒரு பருவம் தோண்டாமல் விட்டால் நட்டமில்லை, மண் பத்திரமாகவே வைத்திருக்கும். தோண்டி எடுத்துவிட்டு எண்ணாமல் விட்டால் மண்ணிலும் இல்லை, ஏட்டிலும் இல்லை. மொன்றியலில் 1849இல் அதைச் செய்தது தீ. நம்மிடத்தில் அலட்சியம் செய்தால், அதற்குத் தீயைக்கூடக் குறை சொல்ல முடியாது.