மின்னணுக் கருவிகளில் உறுப்பறியும் நெறி

எலுமிச்சைச் சந்தையாற் பெயர்பெற்ற ஊர் புளியங்குடி. அங்குள்ள கடையொன்றின் மின்னணுத் தராசு பழுதுற்றதெனக் கொள்வோம். அதனைத் திறப்பின், கையகலப் பலகையில் நுண்ணுறுப்புகள் பல நெருங்கி நிற்கும். அவற்றுள் வேண்டியதொன்றைக் காண்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம். தமிழ்நூற் பயிற்சி இதற்குத் துணைசெய்யும்.

ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பெறுதல் வழக்கு. எழுத்து இனத்தை உணர்த்தும். ‘ஆர்’ என்பது மின்தடை; ‘சி’ மின்தேக்கி; ‘டி’ டயோடு; ‘கியூ’ டிரான்சிஸ்டர். எண், அவ்வினத்துள் இன்னது எனச் சுட்டும். ‘ஆர் 12’ என்பது பெயரேயன்றி, 12 ஓம் என்னும் அளவன்று.

சுற்று வரைபடம் உறுப்புகளின் தொடர்பைக் காட்டும். அவை இருக்கும் இடத்தைக் காட்டாது. படத்தில் அடுத்தடுத்து நிற்பன பலகையில் இரு மூலைகளில் இருத்தலும் கூடும். கொண்டுகூட்டுப் பொருள்கோளில், அடிகளிற் சிதறிய சொற்களை உரையாசிரியர் பொருள்நோக்கி இணைப்பர். வரைபடம் அவ்வுரை போல்வது; பலகை செய்யுள் போல்வது. உரையிற் கண்டதைச் செய்யுளில் தேடித்தருவது குறியீடு.

ஆதலின் முதற்கண் பழுதின் இயல்பை நோக்குதல் வேண்டும். தராசில் எண்களே ஒளிராவிடின் மின்வழங்கு பகுதியையும், எடை நிலையாது மாறின் எடையுணர்வியையும் அதன் நுண்குறிப்பைப் பெருக்கும் பகுதியையும் வரைபடத்தில் ஆராய்க. ஐயத்திற்குரிய உறுப்பின் குறியீட்டை அறிந்து, பின்னர் இட அமைப்புப் படத்தின் துணையால் பலகையில் அதனைக் காண்க.

இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. திருக்குறளில் மணக்குடவர் வைப்புமுறை பரிமேலழகர் முறையினின்று வேறுபடும். ஆகவே குறளெண் கூறுவோர் எம்முறைப்படி என்பதையும் அறிதல் வேண்டும். பலகைக்கும் திருத்தப் பதிப்புகள் உண்டு. ஒரு பதிப்பின் ‘சி 7’ மற்றொன்றில் வேறோர் உறுப்பாகலாம். எழுத்து வழக்கும் ஒருபடித்தன்று. அமெரிக்கர் ‘கியூ’ என்பதைப் பழைய ஆங்கிலேயப் படங்கள் ‘டிஆர்’ என்னும். பிலிப்ஸ் நிறுவனப் படங்கள் பலவற்றில் எழுத்தின்றி, 2000 வரிசை மின்தேக்கியையும் 3000 வரிசை மின்தடையையும் குறித்தன.

பதிப்பு நோக்காது உறுப்பை மாற்றின், தராசு ஒளிர்ந்தும் பொய்யெடை காட்டக்கூடும். இழப்பு விளைவித்தவனைச் சாரும். 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் பழுதுபார்ப்போர்க்கு உரிமம் வேண்டும் என்பதும், பழுதுநீக்கிய தராசு மீண்டும் சரிபார்த்து முத்திரையிடப்பெறுவதும் இதுபற்றியே பொருளுடையன. எண்ணைக் கண்டவிடத்து அதன் பதிப்பையும் காண்டல், உரை காண்பார்க்கும் கருவி திருத்துவார்க்கும் ஒப்ப உரிய நெறியாம்.