களத்தில் பிரித்த நெல்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் செம்பரம்பாக்கம் என்றால் குடிநீர் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைவாசிகள் பலருக்கு இந்த எண்கள் மனப்பாடம். அந்தக் கரையை எழுப்பியவர்களின் கணக்கோ வேறு. மதகு திறந்தால் எத்தனை காணி நடலாம், எந்த மடைக்கு எப்போது தண்ணீர் என்பதே அவர்கள் கவலை.

இந்தப் பக்கத்தில் நெல்லுக்கு மூன்று பட்டம்: சித்திரை, வைகாசியில் சொர்ணவாரி, ஆடி, ஆவணியில் சம்பா, மார்கழி, தையில் நவரை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி எவ்வளவு நிரம்புகிறதோ அதை வைத்தே நவரை பயிரிடுவதா வேண்டாமா என்று ஊர் முடிவு செய்யும். தண்ணீரைத் திறந்து, வயல் வயலாகப் பாய்ச்சிக் காவல் காப்பவர் நீர்க்கட்டி. அந்த நாளில் அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கூலி களத்தில்தான்.

அந்தக் காலத்துக் களத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். அறுத்த கட்டுகளைத் தரையில் ஓங்கி அடித்து மணியை உதிர்ப்பார்கள். வைக்கோலில் ஒட்டியிருப்பதை மாடு கட்டிப் போரடித்துப் பிரிப்பார்கள். காற்று வாட்டம் பார்த்து முறத்தில் தூற்றினால் பதர் பறந்து, நெல் பொலியாகக் குவியும். பிறகு மரக்கால் வரும். அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார், ‘லாபம்’ என்பார். இரண்டிலிருந்துதான் எண்ணிக்கை.

நெல் வீடு போய்ச் சேருமுன் அங்கேயே பங்கு பிரிந்தது. இதற்குப் பழைய கணக்கே சாட்சி. 1763-ல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பூந்தமல்லி வட்டாரமும் அதில் அடக்கம். கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களின் கணக்கைத் திரட்டினார். எந்த ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், களத்தில் யார் யாருக்கு எவ்வளவு மேரை, அதாவது நெல் பங்கு, என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான், நீர்க்கட்டி என்று பட்டியல் நீள்கிறது. ஏரியைச் செப்பனிடவும் அந்தப் பொலியிலிருந்தே ஒரு பங்கு ஒதுக்கினார்கள்.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது; சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்களுக்குக் கிடைத்தது சொற்பம், அதோடு சாதிக் கட்டும் அடிமைத்தனமும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு விளைச்சலில் உரிமை உண்டு என்ற ஏற்பாடு மட்டும் இன்றைக்கும் மதிக்கத்தக்கது. கம்பெனி வரியை இறுக்க, அந்த உரிமை தேய்ந்தது. பார்க்க ஆளின்றி ஏரிகளும் தேய்ந்தன.

ஜப்பானிலும் ஒரு காலத்தில் நெல்தான் கணக்கின் அடிப்படை. எடோ காலத்தில் ஒரு பிரபுவின் செல்வத்தைக் ‘கொக்கு’ என்ற அரிசி அளவையால் மதித்தார்கள். ஒரு கொக்கு சுமார் 150 கிலோ, ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி. அங்கே இன்றும் மாமன்னர் அரண்மனை வயலில் தம் கையால் நாற்று நடுகிறார். நவம்பர் 23-ல் நீனாமே சடங்கில் புதிய அரிசியைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்கிறார். 1948 முதல் அதே நாள் உழைப்பாளர்களுக்கு நன்றி சொல்லும் அரசு விடுமுறையாகவும் இருக்கிறது. ஒசாகாவின் சுமியோஷி கோயிலில் ஜூன் 14-ல் நடவே திருவிழாவாக நடக்கிறது.

நம் பொங்கலில் சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி உண்டு. நீர்க்கட்டிக்கு?

இப்போது அறுவடைக்கு மிஷின் வருகிறது. ஈரமான வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த நிலத்துக்கு டயர் வண்டி. நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள். களமும் இல்லை, மரக்காலும் இல்லை. ஏரித் தண்ணீரில் பெரும்பகுதி குழாய் வழியே நகரத்துக்குப் போகிறது.

பொங்கல் விழா நடத்தும் இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மதகு திறந்த அனுபவம் உள்ள பெரியவர் ஒருவர் ஊரில் இருந்தால், அடுத்த தை மாதம் அவரை மேடைக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள், பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.