மலை மேல் ஓர் இரவு

லடாக்கிலுள்ள லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் இறங்கியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறக் கிளம்பிவிடாதீர்கள்! இரண்டு நாள் சும்மா இருங்கள். அதுதான் முதல் ஏற்பாடு. சமவெளியில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். உடம்பு அதற்குப் பழக வேண்டாமா?

கூடாரம், கம்பளி உடை, தூக்கப் பை, டார்ச் விளக்கு அவசியம். அரிசி வேண்டாம். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு சீக்கிரம் வேகாது, எண்ணெய்தான் தீரும். பிரஷர் குக்கரை முதுகில் சுமப்பார் உண்டா? அவலும் வெல்லமும் போதும்.

இரவில் தலைவலியும் குமட்டலும் கண்டால், அவை தீரும்வரை மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. துணையோடு உடனே கீழே இறங்கியாக வேண்டும். இறங்கும் வழியைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.